ஈஸ்டர் விருந்துக்கு 37,000 ரூபாய் செலவு பண்ணேன்... அடுத்த வருஷம் சித்தப்பா "வேண்டாம்"னு சொல்லிட்டார்!



தீபாவளி செலவு கணக்கை இப்போதான் முடிச்சிருப்பீங்க. அதுக்குள்ள ஈஸ்டர் பத்தி ஏன் எழுதுறான்னு தோணலாம். காரணம் இருக்கு. 2026-ல ஈஸ்டர் ஏப்ரல் 5-ஆம் தேதி வருது. இப்போ ஆரம்பிச்சா அஞ்சு மாச சம்பளம் கையில இருக்கு. மார்ச் கடைசியில ஆரம்பிச்சா கிரெடிட் கார்டு மட்டும்தான் கையில இருக்கும். ரெண்டாவது வழியில நான் ஏற்கெனவே போய்ட்டு வந்தவன். அந்தக் கதையைத்தான் இன்னைக்கு சொல்லப் போறேன்.

நீங்க ஈஸ்டர் கொண்டாடாதவரா இருந்தாலும் படிங்க. உங்க வீட்ல அது பொங்கலா இருக்கலாம், ரம்ஜானா இருக்கலாம், குலதெய்வக் கோயில் கொடையா இருக்கலாம். சொந்தக்காரங்களைக் கூப்பிட்டு சாப்பாடு போடுற எந்த நாளுக்கும் இந்தக் கணக்கு ஒண்ணுதான்.

எங்க வீட்டு முறை

எங்களுக்கு சொந்த ஊர் பாளையங்கோட்டை பக்கம். தாத்தா இருந்த வரைக்கும் ஈஸ்டர் அவர் வீட்லதான். அவருக்கு அப்புறம் பெரியப்பா, அப்பா, அத்தை, சித்தப்பான்னு நாலு வீடும் முறை வெச்சுக்கிட்டாங்க. ஒவ்வொரு வருஷமும் ஒரு வீடு. பெரியவங்க 15 பேர், பிள்ளைங்க 9 பேர், மொத்தம் 24 பேர். லெந்து நாள் முழுக்க பல பேர் கறி சாப்பிட மாட்டாங்க. அதனால அதிகாலை ஆராதனை முடிஞ்சு வந்ததும் ஆப்பமும் கறிக் குழம்பும் சாப்பிடுற அந்த ஒரு வேளைக்கு எல்லாருமே காத்திருப்பாங்க.

2024-ல எங்க வீட்டு முறை. அப்பா முந்தின வருஷம்தான் ரிட்டயர் ஆனார். "இந்த தடவை எல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க சும்மா உக்காருங்க"ன்னு ரொம்ப பெருமையா சொல்லிட்டேன். சென்னையில வேலை, கையில வர்ற சம்பளம் 42,000. அந்த வருஷம் ஈஸ்டர் மார்ச் 31. மாசக் கடைசி நாள்! அக்கவுன்ட்ல காசு இல்ல. கார்டுல லிமிட் இருந்துச்சு.

அந்த பில்லை அப்படியே தர்றேன்:

- காலை டிபன், மதியம் பிரியாணி கேட்டரிங் (24 பேர், தலைக்கு 550): 13,200
- மூணு அடுக்கு கேக்: 3,600
- பலூன், பேக்டிராப், சாமியானா, சேர்: 4,500
- பிள்ளைங்களுக்கு சாக்லேட் முட்டை கிஃப்ட் பாக்ஸ் (9 x 500): 4,500
- ஆன்லைன்ல வாங்கின கிராஃப்ட் கிட் (9 x 350): 3,150
- அம்மா, அப்பா, எனக்கு புதுத் துணி: 5,250
- ரயில் டிக்கெட் கிடைக்காம ஆம்னி பஸ், போக வர: 2,800

மொத்தம் 37,000 ரூபாய். 5,000 கையில இருந்து போச்சு. மீதி 32,000 கார்டுல.

அன்னைக்கு என்ன நடந்துச்சு? கேட்டரிங் ஆளுங்களே பரிமாறினாங்க. அத்தையும் சித்தியும் சமையல்கட்டு பக்கம் போய்ப் பாத்துட்டு, வேலை ஒண்ணும் இல்லாததால திரும்பி வந்து சேர்ல உக்காந்தாங்க. கிராஃப்ட் கிட் பத்து நிமிஷத்துல முடிஞ்சது, பிள்ளைங்க போனை எடுத்துட்டாங்க. வழக்கமா சாயங்காலம் காப்பி குடிச்சுட்டுத்தான் எல்லாரும் கிளம்புவாங்க. அன்னைக்கு ரெண்டு மணிக்கெல்லாம் வீடு காலி. போறப்போ அத்தை சொன்னாங்க, "கல்யாண வீட்டுக்கு வந்துட்டுப் போற மாதிரி இருந்துச்சுல." அதை நான் பாராட்டுன்னு நினைச்சுக்கிட்டேன்.

மினிமம் டியூ என்ன செஞ்சதுன்னு பாப்போம்

ஏப்ரல்ல பில் வந்தது. முழுசா கட்ட முடியல. 5% மினிமம் டியூ, அதாவது 1,600 ரூபாய் கட்டினேன். "கட்டிட்டோம்ல, பிரச்சினை இல்ல"ன்னு நினைச்சேன்.

என் கார்டுக்கு வட்டி மாசம் 3.5%. வருஷத்துக்கு 42%. கணக்கு போட்டுப் பாருங்க:

- 32,000-க்கு ஒரு மாச வட்டி: 1,120
- அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி: 202
- மொத்தம்: 1,322

நான் கட்டின 1,600-ல 1,322 வட்டிக்கும் வரிக்குமே போயிடுச்சு. அசல்ல குறைஞ்சது வெறும் 278 ரூபாய். 32,000 கடன்ல 278!

இன்னொரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. பழைய பாக்கியை முழுசா கட்டாம வெச்சிருந்தா, புதுசா வாங்குற பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. அதே கார்டுல மளிகை வாங்கினாலும் அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சுடும். நான் மே மாசம் முழுக்க அப்படித்தான் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன்.

அக்டோபர்ல தீபாவளி போனஸ் வந்தப்போதான் மொத்தமா அடைச்சேன். அந்த ஆறு மாசத்துல வட்டியும் வரியும் மட்டும் கிட்டத்தட்ட 8,000 ரூபாய் போயிருந்தது. அதாவது மார்ச்ல சாப்பிட்ட பிரியாணிக்கு அக்டோபர் வரைக்கும் காசு கட்டியிருக்கேன்.

ஆனா உண்மையான நஷ்டம் அது இல்ல

2025 முறை சித்தப்பாவோடது. அவர் சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கார். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனப்போ, "இந்த வருஷம் ஈஸ்டர் உங்க வீட்லதானே சித்தப்பா?"ன்னு கேட்டேன்.

"இந்த வருஷம் வேண்டாம்ப்பா. அவங்கவங்க வீட்ல வெச்சுக்கலாம்"னு சொல்லிட்டு வேற பேச்சுக்குப் போய்ட்டார்.

எனக்குப் புரியல. ராத்திரி அம்மாதான் சொன்னாங்க. "நீ அன்னைக்கு சாமியானா போட்டு, மூணு அடுக்கு கேக்கு வெட்டினேல்ல. அதுக்கப்புறம் அவன் வீட்டு மாடியில பாய் விரிச்சு எப்படில சாப்பாடு போடுவான்? பிள்ளைங்க கேக்காதா, இங்க ஏன் பலூன் இல்லன்னு?"

நண்பர்களே, அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. 8,000 வட்டி கட்டினப்போ கூட இவ்வளவு கஷ்டமா இல்ல. நான் என் காசைத்தான் செலவு பண்றேன்னு நினைச்சேன். ஆனா முறை வெச்சு நடக்குற விருந்துல நீங்க பண்ற செலவு அடுத்தவர் மேல ஏத்தி வைக்கிற கடன். அதை அடைக்க முடியாதவங்க சண்டை போட மாட்டாங்க. பேசாம விலகிடுவாங்க. தாத்தா காலத்துல இருந்து வர்ற ஒரு பழக்கம், நான் கௌரவத்துக்காக வாங்கின ஒரு கேக்கால நின்னு போகப் பாத்துச்சு.

2025: தொகையை வாய்விட்டு சொன்னேன்

மறுநாள் காலையில சித்தப்பா கடைக்கே போனேன். எல்லாத்தையும் சொன்னேன். கார்டு, மினிமம் டியூ, 8,000 வட்டி, எல்லாம். அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "கடன் வாங்கியால அவ்வளவும் பண்ணின?"ன்னு கேட்டார். ஆமான்னேன். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆளுக்கு ஒண்ணு கொண்டு வந்திருப்போமே"ன்னார்.

அங்கேயே முடிவு பண்ணோம். 2025-ம் எங்க வீட்லயே. ஆனா என் பங்கு 12,000 ரூபாய்தான், அதுக்கு மேல ஒரு பைசா இல்ல. அந்தத் தொகையை குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்ல நானே போட்டேன். போடுறப்போ கை நடுங்குச்சு, பொய் சொல்லல. ஆனா போட்ட அஞ்சாவது நிமிஷம் பெரியம்மாகிட்ட இருந்து பதில்: "அப்போ ஆப்ப மாவு நான் ஆட்டிக் கொண்டு வாரேன்."

இதுல நான் கத்துக்கிட்டது ஒண்ணு: பணமா கேக்காதீங்க, பதார்த்தமா கேளுங்க. "வீட்டுக்கு 3,000 போடுங்க"ன்னு சொன்னா அது சிலருக்கு ஒண்ணுமே இல்ல, சிலருக்கு ஒரு மாசச் சீட்டுப் பணம். ஆனா "என்ன கொண்டு வர்றீங்க?"ன்னு கேட்டா, அவங்கவங்க வசதிக்கும் கைப்பக்குவத்துக்கும் ஏத்த மாதிரி எடுத்துப்பாங்க.

பிரிச்சது இப்படி:

- பெரியம்மா: ஆப்ப மாவு, தேங்காய்ப்பால்
- அத்தை: பிரியாணிக்குத் தலைமை. பொருள் என்னோடது, கரண்டி அவங்களோடது
- சித்தி: வீட்லயே செஞ்ச கேக்
- சித்தப்பா: பிள்ளைங்க கிராஃப்ட் முழுக்க அவர் பொறுப்பு
- ஆச்சி: ஓலை முடையக் கத்துக்கொடுக்கறது
- நான்: கறி, மளிகை, முட்டை, பதநீர், நுங்கு, மத்த எல்லாம்

கிராஃப்ட்: 250 ரூபாயில ஒரு நாள் பூரா

போன வருஷம் 3,150-க்கு வாங்கின கிட் பத்து நிமிஷம் தாங்கினது ஞாபகம் இருக்குல்ல? இந்த தடவை என்ன பண்ணோம்னு விவரமா சொல்றேன். உங்க வீட்லயும் செய்யலாம்.

1. குருத்தோலை. குருத்தோலை ஞாயிறு அன்னைக்கு சர்ச்ல கொடுக்குற ஓலை பெரும்பாலும் வீட்ல காய்ஞ்சுதான் போகும். அதை ஈரத்துணியில சுத்தி வெச்சா சில நாள் வளையுற பதத்துல இருக்கும். பத்தாததுக்கு பக்கத்துத் தோப்புல ரெண்டு குருத்து கேட்டு வாங்கினோம். ஆச்சி முதல்ல சிலுவை, அப்புறம் காத்தாடி, பந்து, கிளின்னு ஒவ்வொண்ணா சொல்லிக் கொடுத்தாங்க. திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் ஓலைப்பெட்டி முடையறது ஒரு தொழிலாவே இருந்த கை வேலை. எங்க வீட்ல அது தெரிஞ்ச கடைசி ஆள் ஆச்சிதான்னு அன்னைக்குத்தான் எனக்கே உறைச்சுது.

2. முட்டைக்கு சாயம். கடையில கலர் வாங்கவே இல்ல. ஒரு வாரமா சேத்து வெச்ச வெங்காயத் தோலைத் தண்ணியில 20 நிமிஷம் கொதிக்க வெச்சு வடிகட்டினா செம்பழுப்பு. மஞ்சள் தூள்ல மஞ்சள். பீட்ரூட்ல இளஞ்சிவப்பு. சாயம் ஆறினதும் ஒரு ஸ்பூன் வினிகர் விட்டு, அவிச்ச வெள்ளை முட்டையை அரை மணி நேரம் ஊற வைங்க, போதும். முட்டை மேல ஒரு கொத்தமல்லி இலையை ஒட்டி, பழைய மெல்லிசு துணியில இறுக்கக் கட்டி சாயத்துல போட்டா, இலை இருந்த இடம் மட்டும் வெள்ளையா அச்சு விழும். பிள்ளைங்க துணியை அவிழ்த்துப் பாத்தப்போ போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டுச்சு.

ஒரு எச்சரிக்கை: ஏப்ரல் வெயில்ல அவிச்ச முட்டையை ஒரு மணி நேரத்துக்கு மேல வெளியில வைக்காதீங்க. நாங்க காலை டிபன் முடிஞ்சதும் சாயம் போட்டு, வீட்டுக்குள்ளயே ஒளிச்சு வெச்சு, தேடி எடுத்து, உடனே தோலுரிச்சு மதியம் முட்டை மசாலா ஆக்கிட்டோம். விளையாட்டுப் பொருளும் அதுதான், சாப்பாடும் அதுதான். ஈஸ்டருக்கு முட்டை வந்த கதையே கிட்டத்தட்ட இதுதான். அந்தக் கால ஐரோப்பாவுல லெந்து நாட்கள்ல முட்டையும் சாப்பிடக் கூடாது. ஆனா கோழி முட்டை போடறதை நிறுத்துமா? சேந்துபோன முட்டையை எல்லாம் ஈஸ்டர் அன்னைக்கு செலவழிச்சாங்க. மிச்சத்தை வீணாக்காத வழக்கத்துல வளர்ந்த ஒரு விஷயத்துக்கு நான் 500 ரூபாய்க்கு பாக்ஸ் வாங்கியிருந்தேன்!

3. சித்தப்பாவோட பேப்பர். கடையில ஒரு பக்கம் வீணான தாள்கள் கட்டுக்கட்டா கிடக்கும். அதோட மறுபக்கத்துல முட்டை, ஆட்டுக்குட்டி, காலி கல்லறைன்னு படம் அச்சடிச்சுக் கொண்டு வந்திருந்தார். 9 பிள்ளைங்களும் அவரைச் சுத்தி உக்காந்து கலர் அடிச்சு, வெட்டி, தோரணம் ஒட்டினாங்க. அந்தத் தோரணம்தான் அன்னைக்கு பேக்டிராப். போட்டோல 4,500 ரூபாய் பலூனை விட நல்லா இருந்துச்சு, சத்தியமா.

இந்த தடவை பில்

- மட்டன் 4 கிலோ: 3,400
- சிக்கன் 4 கிலோ: 880
- மளிகை, அரிசி, தேங்காய், காய்கறி: 2,400
- முட்டை 60 (40 சாயத்துக்கு, மீதி சித்தி கேக்குக்கு): 360
- பதநீர், நுங்கு: 700
- பாத்திர வாடகை, கூட உதவின அக்காவுக்குக் கூலி: 1,200
- வாழை இலை, கப்: 300
- கிராஃப்ட் (பெயின்ட், நூல், பசை): 250
- ரயில், போக வர: 850

மொத்தம் 10,340. கையில 12,000 இருந்ததால 1,660 மிச்சம். புதுத் துணி எடுக்கல, கிறிஸ்துமஸ் துணியே போட்டுக்கிட்டோம். யாரும் கேக்கவும் இல்ல.

ரயில் செலவைக் கவனிச்சீங்களா? 2,800 இருந்த இடத்துல 850. வேற ஒண்ணும் இல்ல, முன்பதிவு 60 நாள் முன்னாடி திறக்குது. ஈஸ்டர் தேதி முன்கூட்டியே தெரியும். பிப்ரவரி நடுவுல காலையில எந்திரிச்சு டிக்கெட் போட்டேன், அவ்வளவுதான்.

அன்னைக்கு எல்லாரும் கிளம்பினப்போ மணி ராத்திரி எட்டு.

நீங்க செய்ய வேண்டியது

தேதியைக் குறிங்க. மார்ச் 21-லயோ அதுக்கு அப்புறமோ வர்ற முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதனால மார்ச் 22-ல இருந்து ஏப்ரல் 25-க்குள்ள எங்க வேணா விழும். 2026-ல ஏப்ரல் 5, 2027-ல மார்ச் 28, 2028-ல ஏப்ரல் 16. நிதியாண்டு முடியுற நேரம் வேற. ஓல்ட் ரெஜிம்ல இருந்துட்டு சேமிப்பு ப்ரூஃப் கொடுக்காம விட்டவங்களுக்கு மார்ச் சம்பளத்துல டிடிஎஸ் பிடிச்சு கை இறங்கும். அந்த மாச சம்பளத்தை நம்பி விருந்து வைக்காதீங்க.

தனி அக்கவுன்ட். சம்பளம் வந்த மறுநாள் 2,000 ரூபாய் வேற ஒரு சேவிங்ஸ் அக்கவுன்ட்டுக்கு ஆட்டோமேட்டிக்கா போற மாதிரி வைங்க. 2024 நவம்பர்ல இருந்து 2025 ஏப்ரல் வரைக்கும் ஆறு தடவை அப்படிப் போட்டதுதான் என் 12,000. இதுக்கு எஸ்ஐபி, ஷேர் எல்லாம் வேண்டாம். அஞ்சாறு மாசத்துல தேவைப்படுற காசு ஏறி இறங்குற இடத்துல இருக்கக் கூடாது. அந்த அக்கவுன்ட் டெபிட் கார்டைப் பீரோல பூட்டிடுங்க.

தொகையை முதல்ல சொல்லுங்க. மெனு பேசறதுக்கு முன்னாடி தொகை. மெனு பேசிட்டா அப்புறம் குறைக்க முடியாது, கௌரவம் விடாது.

ஏற்கெனவே கார்டுல மாட்டியிருந்தா: மினிமம் டியூவோட நிக்காதீங்க. மொத்தப் பாக்கியையும் ஈஎம்ஐ-யா மாத்த முடியுமான்னு பேங்க்ல கேளுங்க. இல்லன்னா பர்சனல் லோன் எடுத்து கார்டை அடைக்கிறதே மேல். பொதுவா அதோட வட்டி கார்டு வட்டியில பாதிக்கும் குறைவாத்தான் இருக்கும். பிராசஸிங் ஃபீஸ் எவ்வளவுன்னு மட்டும் சேத்துக் கணக்கு போடுங்க. அடைக்கிற வரைக்கும் அந்தக் கார்டைத் தேய்க்கவே கூடாது.

கடைசியா ஒண்ணு

மிச்சமான 1,660 ரூபாயை அன்னைக்கு ராத்திரி சித்தப்பாகிட்ட கொடுத்தேன். "அடுத்த வருஷம் முறைக்கு முதல் போணி"ன்னு சொன்னேன். வாங்க மாட்டேன்னுதான் முதல்ல சொன்னார். ஆச்சிதான், "வாங்கிக்கல, உனக்கா கொடுக்கான், ஈஸ்டருக்குக் கொடுக்கான்"னு அதட்டினாங்க. வாங்கிச் சட்டைப்பையில வெச்சுக்கிட்டார்.

போன வாரம் குரூப்ல அவரே ஒரு மெசேஜ் போட்டிருந்தார்: "ஏப்ரல் 5, நம்ம வீட்டு மாடி. என் பங்கு 7,000. யார் யார் என்ன கொண்டு வாரிய?"

நான் நுங்குன்னு போட்டுட்டேன். உங்க வீட்டு விருந்துக்கு உங்க தொகை என்ன? இன்னைக்கே ஒரு பேப்பர்ல எழுதுங்க, நாளைக்கு வீட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்.